இருப்புப் பதிவேட்டில் ஒரு கடல்

சுக்காங்கல்பட்டிப் பேரூராட்சிக்குக் கடல் வந்தது ஏப்ரல் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு. எங்கள் ஊரில் எந்தப் பஸ் ஏறினாலும் நாலு மணி நேரத்துக்குக் குறைந்து கடலைப் பார்க்க முடியாது என்பதும், ஊரில் பாதிப் பேர் கடலைக் காலண்டரில் மட்டுமே பார்த்தவர்கள் என்பதும் அதற்குத் தெரியாமல் இருந்திருக்காது, தெரிந்தேதான் வந்தது. ஏன் வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: கடலைத் தடுக்கச் சுவர் கட்டினோம், தடுக்கப்படுவதற்கு ஒன்று வேண்டாமா?

சுவர் வந்த கதைதான் உண்மையில் ஆச்சரியம். அதற்கு முந்தைய நவம்பரில் தலைநகரத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. அதில் சுக்காங்கல்பட்டியில் கடலரிப்புத் தடுப்புச் சுவர் கட்ட நாற்பத்தொரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்படுவதாகவும், மார்ச் முப்பத்தொன்றுக்குள் அதைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டும் என்றும் பச்சை மைக் கையெழுத்தோடு எழுதியிருந்தது. நாங்கள் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது குடிநீர்க் குழாய். செயல் அலுவலர் புகழேந்தி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமே ஆனவர், எழுதிக் கேட்டால் நல்லது நடக்கும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த பிள்ளை. அந்தப் பணத்தில் குழாய் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதினார். மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு பதில் வந்தது: கடலுக்கு ஒதுக்கியதைக் குடிநீருக்குத் திருப்ப விதியில் இடமில்லை. அப்படியானால் பணத்தையே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று அவர் கிளம்பியபோது பேரூராட்சித் தலைவர் வீரபத்திரன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும், அந்தப் பாவத்த மட்டும் பண்ணிடாதீங்க. ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டோம்னு வைங்க, இந்த ஊருக்குப் பணமே வேணாம் போலருக்குன்னு அடுத்த வருஷம் தெரு லைட்டுக்குக்கூட ஒண்ணும் தரமாட்டானுங்க."

"கடலே இல்லாத ஊர்ல கடல் சுவர எங்க தலைவரே கட்டுறது?"

"கெழக்கால கட்டுங்க. கடல் கெழக்கதான இருக்கு?"

கிழக்கே மேய்ச்சல் புறம்போக்கில், இருநூறு மீட்டர் நீளத்துக்கு, ஆள் உயரத்துக்குக் கருங்கல்லில் கட்டினோம். நல்ல சுவர். அதில் யாரும் காசு அடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கடல் வந்ததை நம்புகிறவர்கள் இதையும் சேர்த்து நம்பிவிடுங்கள். நடுவில் ஒரு கல்வெட்டு வைத்தோம், அதில் கடலின் பெயரைவிடத் தலைவரின் பெயர் பெரிதாக இருந்தது.

சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை எழுத்தர் சவுந்தரவல்லி. முப்பத்து நாலு வருஷ சர்வீஸ், ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு. பொய்யில் கையெழுத்துப் போடமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ஒருமுறை வருகைப் பதிவேட்டில் "ஆறு நிமிடம் தாமதம், காரணம் தோசை" என்று தன் கையாலேயே எழுதியவர். அவருடைய மகள் திருப்பூரில் மாசி மாதம் இரட்டைக் குழந்தை பெற்றிருந்தாள், மாமியாருக்குக் கால் முறிவு, உதவிக்கு ஆளில்லை. சவுந்தரவல்லி தன் புருஷனை முன்னதாக அனுப்பிவைத்திருந்தார், ஆனால் அந்த மனிதர் ஒரு குழந்தையைத் தூங்கவைத்தால் இன்னொன்று எழுந்துகொண்டது. "ஜூலை ஒண்ணாம் தேதி மொத பஸ்சுல வந்து நிப்பேன்டி" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சர்வீஸ் முடிந்து கைக்கு வரப்போகும் பணிக்கொடையில்தான் பிரசவக் கடன் அடைய வேண்டும்.

அச்சடித்து வந்திருந்த சான்றில் இரண்டே வரிகள். சுவர் கடலுக்கும் ஊருக்கும் இடையில் உள்ளது. சுவர் கட்டிய பின் கடல் ஊருக்குள் வரவில்லை. சவுந்தரவல்லி மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கடல் வரத்தான் செய்யும், ஆகவே முதல் வரி மெய். கடல் ஊருக்குள் வரவில்லை என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஆகவே இரண்டாவதும் மெய். கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை சான்று போனது, சனி ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமை கடல் வந்தது.

முதல் நாள் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் உப்புதானா" என்று சலித்துக்கொண்டு திரும்பினோம், ஏனென்றால் உப்புத் தண்ணீர் எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றிலேயே வேண்டிய மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் ஆடுகள் சுவரை நக்கப் பழகிக்கொண்டன. மூன்றாம் நாள் ஒரு சுண்டல்காரர் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தார். எந்த ஊர் என்று அவரை யாரும் கேட்கவில்லை, கடல் என்று ஒன்று இருந்தால் சுண்டல்காரர் வருவார்தானே. வியாழக்கிழமைச் சந்தைக்குள் மீன் வியாபாரம் தொடங்கிவிட்டது. எந்த மீனுக்கு என்ன பெயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாததால் வார்டு உறுப்பினர்களின் பெயர்களையே வைத்தோம். முள் அதிகமாக இருந்ததற்கு ஏழாவது வார்டு உறுப்பினர் பெயரையும், சட்டியில் போட்டதும் கரைந்து காணாமல் போனதற்குத் துணைத் தலைவர் பெயரையும். பங்குனித் திருவிழாவில் வழக்கமாகத் தண்ணீர் லாரியில் குளிக்கும் அம்மன் அந்த வருஷம் கடலாடினாள். வருஷம் பூராவும் செங்கல் சூளைக்குப் போய்க் கல் சுமந்துகொண்டிருந்த அஞ்சலையும், அவளோடு முப்பது குடும்பங்களும், சூளைக்காரனிடம் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டு, கூடையோடு சுவர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கடலும் நல்ல ஒழுக்கமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு அலையடிக்கத் தொடங்கும், ஒன்றரைக்கு நிறுத்தும், இரண்டே காலுக்கு மறுபடி தொடங்கும், ஐந்தே முக்காலுக்குப் படுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் அசையவே அசையாது. அரசுத் திட்டத்தில் வந்த கடல் வேறு எப்படி இருக்கும்? சான்றில் சொன்னபடி ஒரு சொட்டுக்கூடச் சுவரைத் தாண்டவில்லை. ஒருநாள் பெரிய அலை ஒன்று எழும்பி, சுவரின் விளிம்பு வரை வந்து, சட்டென்று நினைவு வந்து நின்று, ஓசையில்லாமல் பின்வாங்கியதை நாங்களே பார்த்தோம். கிழக்கே மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கிற ஊர்க்காரர்கள், தங்கள் ஊரில் கடல் எதுவும் இல்லை, பஸ் வழக்கம்போல வருகிறது என்று சொன்னார்கள். அது அவர்கள் ஊர்ப் பிரச்சினை என்று விட்டுவிட்டோம்.

மே மாதம் தணிக்கைக்குத் திருவேங்கடம் என்பவர் வந்தார். ஒல்லியான மனிதர், காப்பி சாப்பிடமாட்டார், அதனாலேயே அவரைக் கண்டு அலுவலகம் நடுங்கியது. டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தார், நீளம் சரி, உயரம் சரி, அகலம் இரண்டு அங்குலம் கூடுதலாகவே இருந்தது, அதற்கு ஒரு குறிப்பு எழுதினார். பிறகு சுவருக்கு மேல் தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது ஏது?" என்று கேட்டார்.

"கடல் சார்" என்றார் சவுந்தரவல்லி.

"தெரியுது. எப்படி வந்துச்சு? மூணு இடத்துல விலைப்புள்ளி வாங்கினீங்களா?"

"தானா வந்துச்சு சார்."

"தானா வந்தாலும் வந்த பொருள் பொருள்தானம்மா. இருப்புப் பதிவேட்டுல ஏத்தினீங்களா?"

ஏற்றவில்லை. ஏற்றாவிட்டால் தணிக்கைத் தடை விழும், தடை விழுந்தால் பணிக்கொடை நிற்கும். சவுந்தரவல்லி பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, சுவர் மேல் வைத்து, "பிளாஸ்டிக் நாற்காலி, உடைந்தது – 7" என்பதற்குக் கீழே, "கடல் – 1, நிலை: நன்று" என்று எழுதினார். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். திருவேங்கடம் சரிபார்த்து டிக் அடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு ரசத்தில் மிளகு தூக்கல் என்று மட்டும் குறை சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். எங்களைப் போல முட்டாள்கள் உண்டா? பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தால், அவர் போகும்போது வாங்கிக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி மாலையும் கையுமாக எல்லோரும் அலுவலகத்தில் கூடினோம். தலைமை எழுத்தர் பதவிக்குப் புது ஆள் போடவில்லை, ஆகவே பொறுப்பைச் செயல் அலுவலர்தான் வாங்க வேண்டும். புகழேந்தி வரிசையாக வாங்கிக்கொண்டே வந்தார். பீரோ, வாங்கிக்கொண்டேன். குப்பை வண்டி, வாங்கிக்கொண்டேன். உடைந்த நாற்காலி ஏழு, எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்றார். "இது காலைல செவுத்து ஓரம் நிக்கிது, சாயங்காலம் பத்தடி உள்ள போவுது. குறையுற தண்ணிக்கு யார் சம்பளத்துல புடிப்பாங்க? எனக்கு இன்னும் முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் இருக்கு மேடம், கல்யாணம்கூட ஆவல."

"மறுநாள் காலைல திரும்ப வந்துடுது சார்."

"அதே தண்ணிதான்னு எப்படி மேடம் நிரூபிக்கிறது?"

தலைவரைப் பார்த்தோம். "நான் மக்கள் பிரதிநிதி, கல்வெட்டுல பேர் போடலாம், பதிவேட்டுல போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். உறுப்பினர்கள் எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஒரே சமயத்தில் போன் வந்தது. பொறுப்பை ஒப்படைக்காமல் விடுவிப்பு ஆணை கிடையாது, ஆணை இல்லாமல் பணிக்கொடை கிடையாது. கடைசியில் புகழேந்தி தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். பொருள் பயனற்றது என்று பொறுப்பாளரே எழுதிக் கொடுத்தால் பதிவேட்டிலிருந்து கழித்துவிடலாம். உடைந்த ஃபேனுக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறோம். ஒரு வரி போதும்.

சவுந்தரவல்லி பதிவேட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனார். ஐந்து மணி, அலை நேரம்தான். சுவர் மேல் உட்கார்ந்து, "நன்று" என்பதை மெல்லிசாகக் கோடு கிழித்து, "உப்பு. பயனற்றது" என்று பென்சிலில் எழுதிப் பார்த்தார். எழுதியதும் அலை நின்றது. தண்ணீர் மெல்லப் பின்வாங்கியது, பத்தடி, இருபதடி, ஐம்பதடி. கத்தவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, பேசாமல் எழுந்து போகிற மருமகள் மாதிரி போனது. கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை ஈர மண்ணில் குதித்து அதன் பின்னாலேயே பத்தடி நடந்தாள்.

"கிளார்க்கம்மா, என்னா எழுதுனீங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

சவுந்தரவல்லி சொன்னார். அஞ்சலை திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "உங்க பேரப் பிள்ளைங்களப் பாக்கணுமில்ல, போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் திங்கட்கிழமையிலிருந்து சூளைக்குப் போக வேண்டியிருக்கும், சூளைக்காரன் கேட்பான், பழைய கூலி கிடைக்காது. அது சவுந்தரவல்லிக்கும் தெரியும். மூன்று மாதமாக அவர் சாப்பிட்ட குழம்பெல்லாம் அந்தக் கூடையிலிருந்து வந்தது. பயனற்றது என்று எழுதினால் அது பொய், பொய்யில் அவர் கை ஓடாது. சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்து, போகாததால் எச்சில் தொட்டு அழித்தார். கடல் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"ஆணை குடுத்தாக் குடுங்க, குடுக்காட்டிப் போங்க, நான் காலைல பஸ் ஏறுறேன்" என்று புகழேந்தியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ஒப்படைக்காத பதிவேட்டை மேசையில் விட்டுவிட்டுப் போக மனம் வராமல் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

ஜூலை ஒன்று சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் துறையூர் வழியாகத் திருப்பூர் போகும் பஸ் வந்து நின்றது, சவுந்தரவல்லி இரண்டு பையோடு ஏறினார், பஸ் நகர்ந்தது. விடுமுறை நாள் என்றும் பாராமல் கடல் எழுந்தது. பொறுப்பாளர் போகிற இடத்துக்குப் பொருள் போக வேண்டும் என்பது அதற்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஊருக்குள் வரவில்லை என்று சான்று இருந்ததால் ஊரைச் சுற்றிக்கொண்டு, புறவழிச் சாலையோடு, வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் மெதுவாகி, மீன்களையும் நுரையையும் அள்ளிக்கொண்டு, சுண்டல்காரரைப் பின்னால் ஓடவிட்டு, பஸ்சைப் பிடிக்க வந்தது. பாக்குக் கடை திருப்பத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பிரேக் போட்டார். கண்டக்டர் இறங்கிப் போய்க் கடலை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா, இது உங்களோடதா? இதுக்கு லக்கேஜ் போடணுமே" என்றார்.

அதற்குள் ஊரே ஓடி வந்துவிட்டது. லுங்கியோடு, பாதிப் பல் துலக்கின வாயோடு, தலைவர் நேற்றைய மாலையோடு, எல்லோரும் பஸ்சுக்கும் கடலுக்கும் நடுவில் வந்து நின்றோம். பின்னால் திரும்பிப் பார்த்தால் கிழக்கே இருநூறு மீட்டர் சுவர் மட்டும், எதைத் தடுக்கிறோம் என்று தெரியாமல் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

"சவுந்தரம், கடல மட்டும் விட்டுட்டுப் போம்மா" என்றார் தலைவர்.

"நானா புடிச்சு வெச்சிருக்கேன் தலைவரே?" சவுந்தரவல்லி ஜன்னல் வழியாகப் பதிவேட்டை நீட்டினார். "வாங்கிக்கிறவங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க. பேனாவும் தர்றேன்."

ஒருவரும் நகரவில்லை. கடல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றது, பஸ் உறுமியது, கண்டக்டர் மணிக்கட்டைப் பார்த்தார். அஞ்சலைதான் முதலில் வந்தாள்.

"நான் போடுறேன்" என்றாள்.

"ஏய், குறைஞ்சா உன் சம்பளத்துல புடிப்பாங்க" என்றார் தலைவர்.

"எனக்கு ஏதுங்க சம்பளம்? அதனாலதான் போடுறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம், சிரித்ததில் பயம் போய்விட்டது. அஞ்சலைக்குப் பிறகு முப்பது குடும்பங்களும் போட்டன, பிறகு ஆடு மேய்க்கிறவர்கள், பிறகு பள்ளிக்கூட வாத்தியார், பிறகு ஏழாவது வார்டு உறுப்பினர், தன் பெயரில் ஒரு மீன் இருப்பதால் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு. பக்கம் நிறைந்து, அடுத்த பக்கமும் நிறைந்து, உடைந்த நாற்காலி வரை ஓரத்திலெல்லாம் கைநாட்டு ஏறியது. தலைவர் கடைசியில் போட்டார், பெரிய எழுத்தில். வாங்கிக்கொள்கிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்பதைப் புகழேந்தி அங்கேயே போனில் படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் பானட்டின் மேல் தாளை வைத்து விடுவிப்பு ஆணையை எழுதி, சட்டைப் பையிலேயே வைத்திருந்த முத்திரையை ஊதிக் குத்தினார். கீழே இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்திரண்டு பேரின் சார்பில் ஒப்புதல் என்று போட்டு, நேற்றைய தேதியை எழுதினார். அது அவர் எழுதிய தேதி, தான் எழுதியது அல்ல என்பதால் சவுந்தரவல்லி பேசாமல் வாங்கிக்கொண்டார்.

கடல் அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு எங்களைப் பார்த்தது. பிறகு வந்த வழியே புறவழிச் சாலையோடு திரும்பியது, நாங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் ஒரு சொட்டுக் குறைந்தாலும் நம் தலையில்தான் விடியும் என்று அதன் இரண்டு ஓரத்திலும் காவலாக நடந்தோம். அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஒருவரும் குப்பை கொட்டுவதில்லை, ஒருவரும் மணல் அள்ளுவதில்லை. அள்ளினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடுவார்.

மிச்சம் கண்டக்டர் எங்களுக்குச் சொன்னது. துறையூர் தாண்டும் வரை அந்த அம்மா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தாராம். துக்கமா என்று கேட்டதற்கு, முப்பத்து நாலு வருஷத்தில் தான் நீட்டிய எந்தத் தாளிலும் அன்றைக்கே யாரும் கையெழுத்துப் போட்டதில்லை என்றாராம். நாமக்கல் வரும்போது போன் அடித்தது. எதிர் முனையில் இரண்டு குழந்தைகள் ஒரே சமயத்தில் வீறிட்டு அழும் சத்தம் பின் சீட் வரை கேட்டதாம், நடுவில் ஒரு பெண், "அம்மா, அப்பாவ வெச்சுக்கிட்டு முடியலம்மா, எங்க இருக்க?" என்று கத்தினாளாம்.

"வந்துட்டேன்டி" என்றாராம் சவுந்தரவல்லி. "ரெண்டு கையும் காலியாத்தான் வர்றேன். கைக்கு ஒண்ணா வாங்கிக்கிறேன்."